செக்ரோலில் இருந்த பெயர்: கெடா தோட்டப் பிள்ளைகளும் அரசு வேலைக்கான முன்பணிச் சரிபார்ப்பும்

1. ஒரு சம்பளச் சீட்டிலிருந்து

என் தாயாரின் மைலோ டின்னில் ஒரு சம்பளச் சீட்டு இருக்கிறது. உள்ளங்கை அகலத் தாள். கார்பன் மை மங்கி ஊதாவாகிவிட்டது. மேலே தோட்டத்தின் ரப்பர் முத்திரை பாதிதான் விழுந்திருக்கிறது. அதன் கீழே ஓர் எண், ஒரு பெயர், வேலைக்கு வந்த நாள் 24, பால் கணக்கு, கட்டிப்பால் கணக்கு, சேமநிதிப் பிடித்தம், சங்கச் சந்தா. மாதம் எழுதியிருக்கிறது. ஆண்டு எழுத வேண்டிய இடத்தில் தோட்ட எழுத்தரான கிராணி ஒரு கோடு கிழித்துவிட்டார். பெயரின் எழுத்துக் கோவை அடையாளக் கார்டில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை. இருபது ஆண்டுக்கு மேல் பால் மரம் வெட்டியவரின் உழைப்புக்கு எங்கள் வீட்டில் எஞ்சியிருக்கும் சான்று இது ஒன்றுதான்.

இந்தச் சீட்டை வைத்துக்கொண்டு எதை நிரூபிக்கலாம்? தோட்டத்தின் பெயரைக்கூட முழுதாக நிரூபிக்க முடியாது.

அரசு வேலைக்குத் தேர்வாகும் ஒருவரிடம் ‘இதற்கு முன் எங்கே, யாரிடம், எவ்வளவு காலம் வேலை செய்தாய்?’ என்று கேட்பது நியாயமான கேள்வி. மக்களின் வரிப்பணமும் அரசின் கோப்புகளும் யார் கைக்குப் போகின்றன என்று அரசு பார்த்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தாள் வேண்டும். தாளை எழுதியவர் யார், வைத்திருந்தவர் யார், தொலைத்தவர் யார் என்று கேட்கும்போதுதான் கெடா தோட்டங்களின் வரலாறு உள்ளே வருகிறது. சரிபார்ப்பு முறை விண்ணப்பதாரரின் நேர்மையை அளக்கிறதா, அவருடைய பழைய முதலாளியின் பதிவேட்டை அளக்கிறதா என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

2. என்னென்ன பார்க்கப்படுகின்றன

மலேசியாவில் மத்திய அரசுப் பணிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆள் எடுப்பது பொதுச் சேவை ஆணையம். கூட்டரசு அரசமைப்பின் 139ஆம் பிரிவு அதற்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. அடிப்படைத் தகுதிகள் எல்லாருக்கும் தெரிந்தவை: குடியுரிமை, 18 வயது நிறைவு, பணிக்குரிய கல்வி, எஸ்பிஎம் அளவில் மலாய்மொழித் தேர்ச்சி. நேர்காணல் முடிந்து நியமனக் கடிதம் வந்தபின் ‘லாப்போர் டிரி’ எனப்படும் பணியில் சேரும் நாளில் ஒரு கட்டுத் தாள் கொண்டுபோக வேண்டும். உடல்நலப் பரிசோதனை அறிக்கை, சான்றிதழ்களின் நகல்கள், 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின் கீழான உறுதிமொழி, சத்தியப் பிரமாணம் ஆகியவை அந்தக் கட்டில் அடங்கும்.

இதற்கு மேல் ‘தாப்பிசான் கெசலாமாத்தான்’ என்று எல்லாரும் மலாயிலேயே சொல்லும் பாதுகாப்புச் சலிப்பு உண்டு. பிரதமர் துறையின் கீழுள்ள தலைமைப் பாதுகாப்பு அதிகாரி அலுவலகம் இதைப் பார்க்கிறது. மேலோட்டமான சலிப்பு ஒன்று, நுணுக்கமான சலிப்பு ஒன்று என இரண்டு வகை. வேலை எந்த அளவுக்கு இரகசியக் கோப்புகளைத் தொடுகிறதோ அந்த அளவுக்குச் சல்லடையின் கண் சிறுத்துப்போகும். விண்ணப்பதாரர் தன்னைப் பற்றியும் குடும்பத்தாரைப் பற்றியும் படித்த இடம், வேலை செய்த இடம் பற்றியும் எழுதித் தர வேண்டும். குற்றப் பதிவுகளைப் பொறுத்தவரை 1969ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் பதிவுச் சட்டத்தின் கீழ்க் காவல்துறை வைத்திருக்கும் பதிவேடு இருக்கிறது. அதற்கு அரசே சொந்தக்காரர். ஒரு பொத்தானை அழுத்தினால் விடை வந்துவிடும்.

முன்பணியின் கதை அப்படியல்ல. அது தனியார் கையில் இருக்கும் செய்தி. அரசு அதை இரண்டு காரணத்துக்காகக் கேட்கிறது: ஒன்று, ஆள் சொல்வது உண்மையா என்று அறிய, மற்றொன்று, அனுபவத்தைக் கணக்கில் எடுக்க. முதல் காரணத்துக்குத் தோராயமான விடை போதும். இரண்டாவதற்குத் தேதியோடு கூடிய கடிதம் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே படிவம் கேட்பதால், அனுபவக் கடிதம் கொண்டுவர முடியாதவர் உண்மை சொல்லாதவரைப் போலத் தோன்றிவிடுகிறார். குழப்பம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

3. இதுவரை சொல்லப்பட்ட இரு விளக்கங்கள்

தோட்டப்புறத் தமிழர் அரசுப் பணியில் குறைவாக இருப்பது பற்றி நம்மிடையே இரண்டு விளக்கங்கள் நெடுநாளாக உலவுகின்றன. முதல் விளக்கம் கொள்கையைக் காரணம் காட்டுகிறது: மலாய்க்காரரின் சிறப்பு நிலை பற்றிய அரசமைப்பின் 153ஆம் பிரிவு, அதன் நடைமுறை, 1969க்குப் பிந்தைய ஆள்சேர்ப்புப் போக்கு. இரண்டாவது விளக்கம் நம் பக்கம் விரலை நீட்டுகிறது: பிள்ளைகள் விண்ணப்பிப்பதில்லை, மலாய்மொழித் தாளில் தவறிவிடுகிறார்கள், கூலிமிலோ பினாங்கிலோ தொழிற்சாலையில் உடனே கிடைக்கும் சம்பளத்துக்குப் போய்விடுகிறார்கள் என்கிறது. 2017 ஏப்ரல் 23இல் வெளியான மலேசிய இந்தியர் பெருந்திட்டம் அரசுப் பணியில் இந்தியர் பங்கை 7 விழுக்காடாக உயர்த்த வேண்டும் என இலக்கு வைத்தது. அந்த இலக்கை எட்டும் வழியாகப் பெரிதும் பேசப்பட்டது விண்ணப்பங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதே.

இரண்டு விளக்கத்திலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டும் விண்ணப்பத்துக்கு முன்பும் நேர்காணலிலும் நின்றுவிடுகின்றன. அவற்றுக்குப் பின் வரும் தாள் என்ற படியை யாரும் நின்று பார்ப்பதில்லை. கல்விப்புல ஆய்வுகளும் அதைத் தொட்டுத்தான் போயிருக்கின்றன. கெர்னியல் சிங் சாந்துவின் 1969ஆம் ஆண்டு நூல் குடிபெயர்வின் எண்ணிக்கையைத் துல்லியமாகத் தருகிறது. ஆர்.கே. ஜெயின் 1970இல் வெளியிட்ட மானிடவியல் ஆய்வு, துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே கிராணி நிற்கும் இடத்தை நன்றாகக் காட்டுகிறது. மைக்கேல் ஸ்டென்சன் 1980இல் எழுதிய நூல் கள்ளுக்கடைகளை எதிர்த்த கெடாவின் தொண்டர் படையை அரசியல் வரலாற்றில் வைத்தது. இந்த மூன்றையும் சேர்த்து வாசிக்கும்போது எனக்குத் தோன்றுவது இது: தோட்டம் ரப்பரை மட்டும் உற்பத்தி செய்யவில்லை, பதிவுகளையும் உற்பத்தி செய்தது. அந்தப் பதிவுகள் தொழிலாளிக்காக எழுதப்பட்டவை அல்ல.

4. துண்டும் செக்ரோலும்

முன்பணிச் சான்று என்ற ஏற்பாட்டைத் தமிழ்த் தோட்டத் தொழிலாளி முதன்முதலில் சந்தித்தது அரசு அலுவலகத்தில் அன்று. இலங்கை மலையகத்தில் அதற்குத் ‘துண்டு’ என்று பெயர். தொழிலாளர் கூட்டம் ஒன்று தோட்டம் மாற விரும்பினால், இன்ன தொகைக் கடனைக் கட்டினால் இவர்களை விடுவிப்பேன் என்று துரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பார். கங்காணி அந்தத் துண்டை அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோவார். புதிய துரை கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் ஆளோடு சேர்ந்து நடந்தது. முன்பு எங்கே வேலை செய்தாய் என்ற கேள்விக்கான விடையும் எவ்வளவு கடன் என்ற கேள்விக்கான விடையும் ஒரே தாளில் இருந்தன. துண்டு இல்லாமல் வந்தவன் ஓடிவந்தவன். 1921இல் இலங்கையில் சட்டப்படி இந்த முறை ஒழிக்கப்பட்டது.

மலாயாவில் துண்டு அதே வடிவத்தில் வேரூன்றவில்லை. 1907இல் தொடங்கிய தமிழர் குடியேற்ற நிதி கப்பல் செலவை ஏற்றுக்கொண்டதால், கடனைச் சுமந்து வரும் நிலை தளர்ந்தது. ஒப்பந்தக் கூலி முறையும் 1910களின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. கெடா 1909ஆம் ஆண்டு ஆங்கிலோ-சயாம் உடன்படிக்கைக்குப் பிறகே பிரிட்டிஷ் பாதுகாப்பின் கீழ் வந்த மாநிலம். அதன் தென்பகுதியில் கோலமூடா, கூலிம், பாலிங் வட்டாரங்களில் ரப்பர் பரவியபோது கங்காணி வழியாக ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கங்காணியின் சொல்லே அன்று ஆளுக்குச் சான்று. யார் ஊர், யார் மகன், எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியும். தாள் தேவைப்படவில்லை.

தாள் வேறொரு வடிவில் வந்தது. விடிவதற்கு முன் பெரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். கங்காணியோ மண்டோரோ பெயர் கூப்பிடுவார். கிராணி செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறி போடுவார். அன்றைய ‘பேர்’ விழுந்ததா இல்லையா என்பது அந்தக் குறியில் இருந்தது. கூலி, அரிசிக் கணக்கு, ஆஸ்பத்திரிக்குப் போன நாள், பிள்ளைப்பேற்று விடுப்பு எல்லாம் அந்தப் பெரிய புத்தகத்துக்குள் அடங்கின. ஒரு தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கையைச் செக்ரோல் அளவுக்கு விவரமாகப் பதிந்த ஆவணம் வேறு இல்லை. ஆயினும் அதன் ஒரு பக்கத்தைக்கூட அவர் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அது ஆபீசுக்குச் சொந்தம். ஆபீஸ் கம்பெனிக்குச் சொந்தம். கம்பெனியோ லண்டனில்.

பெயரை எழுதியவர் கிராணி. அவர் பெரும்பாலும் மலையாளியாகவோ யாழ்ப்பாணத்தவராகவோ இருப்பார். தொழிலாளி சொன்ன பெயரைத் தன் காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் எழுதினார். லெட்சுமி என்ற பெயர் ஒரு புத்தகத்தில் எல், இ, டி, சி, எச் என்று தொடங்கும். அடுத்த தோட்டத்துப் புத்தகத்தில் எல், ஏ, கே, எஸ் என்று தொடங்கும். முனியாண்டியின் முதல் எழுத்துக்குப் பக்கத்தில் ‘யு’ வருமா ‘ஓ’ வருமா என்பது கிராணியின் ஊரைப் பொறுத்தது. தந்தை பெயர் சில இடத்தில் உண்டு, சில இடத்தில் இல்லை. ஒரே பெயரில் இருவர் இருந்தால் எண் போதும். பதிவின் நோக்கம் கூலிக் கணக்கு என்பதால் இதனால் அன்று எந்தக் கேடும் இல்லை. இதே பெயர் 1948இல் அவசரகாலத்தோடு வந்த அடையாளக் கார்டிலும், பின்னர் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்திலும், சேமநிதிக் கணக்கிலும் இடத்துக்கொரு விதமாக ஏறியபோதுதான் கேடு தொடங்கியது. இன்று சரிபார்ப்பில் ‘பெயர் ஒத்துவரவில்லை’ என்று திரும்பும் தாளுக்கு மூலம் அந்த நாள் கிராணியின் காது.

போர்க்காலம் இன்னொரு பள்ளத்தை உண்டாக்கியது. 1942 முதல் கெடா தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் சயாம்-பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதே மாதம் கெடாவே சயாமிடம் ஒப்படைக்கப்பட்டது. திரும்பி வந்தவர்களுக்கு அந்த ஆண்டுகளில் எங்கே வேலை செய்தோம் என்று காட்ட எதுவும் இல்லை.

போருக்குப் பிறகு முன்பணி என்ற கேள்வி அரசியல் கூர்மை பெற்றது. 1946 முதல் பீடோங் வட்டாரத்தில் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. 1947இல் காவல்துறையோடு மோதலும் கைதுகளும் நடந்தன. அடுத்த ஆண்டு ஜூனில் நிறைவேறிய தொழிற்சங்கத் திருத்தச் சட்டம், செயலாளர் தவிர்த்த சங்கப் பொறுப்பாளர்கள் அந்தந்தத் தொழிலில் குறைந்தது 3 ஆண்டு வேலை செய்திருக்க வேண்டும் என்றது. வெளியாட்களைத் தடுப்பதே அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. ஆனால் 3 ஆண்டை எதை வைத்துக் காட்டுவது? செக்ரோலை வைத்து. செக்ரோல் யாரிடம் இருந்தது? எந்தத் துரையை எதிர்த்துச் சங்கம் நின்றதோ அந்தத் துரையிடம். நம் வரலாற்றில் முன்பணிச் சான்றுக்குச் சட்ட பலம் கிடைத்த தருணங்களில் இதை முக்கியமானதாக நான் கருதுகிறேன். சான்று கேட்கும் உரிமை அரசிடம், சான்று தரும் வசதி முதலாளியிடம், சான்றைக் காட்ட வேண்டிய கடமை மட்டும் தொழிலாளியிடம்.

5. குடியுரிமை என்ற முதல் கட்டம்

முன்பணிக்கு முன்னால் படிவம் கேட்பது குடியுரிமை. அதற்கும் தோட்டத்துத் தாளுக்கும் உறவு உண்டு. 1957 அரசமைப்பின் 16ஆம் பிரிவின்படி, மலாயாவில் பிறந்து முந்திய 7 ஆண்டில் 5 ஆண்டு இங்கே வசித்தவர் பதிவின் மூலம் குடியுரிமை பெறலாம். பிறப்பு வெளிநாட்டில் என்றால் 17ஆம் பிரிவின் கீழ் 12 ஆண்டில் 8 ஆண்டு. ‘நன்னடத்தை’யும் நிபந்தனை. இங்கே பிறந்து முதல் ஓராண்டில் விண்ணப்பித்தவர்களுக்கு மலாய்மொழித் தேர்விலிருந்து விலக்குத் தரப்பட்டது. லயத்து வீட்டில் குடியிருந்தவருக்கு வீட்டு வரிச் சீட்டு கிடையாது, வாடகை ஒப்பந்தம் கிடையாது. வசித்ததைக் காட்டத் தோட்டப் பதிவைத் தவிர வேறு என்ன இருந்திருக்கும்? இலங்கையிலும் 1949ஆம் ஆண்டு இந்திய-பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், மணமாகாதவர் 10 ஆண்டும் மணமானவர் 7 ஆண்டும் தொடர்ந்து வசித்ததாகக் காட்டச் சொன்னது. மலையகத்தாரின் ஆயுளை அந்தத் தாள் தேடலே தின்றது.

கெடாவில் விண்ணப்பிக்காமல் விட்டவர்களுக்கு 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கதவைத் தட்டியது. குடிமகன் அல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றானது. அப்போது தமிழகத்துக்குத் திரும்பியவர்கள் ஏறத்தாழ 60,000 பேர் என்பது பலரும் எடுத்துக்காட்டும் எண்ணிக்கை. இருந்தவர்களில் பலர் நிரந்தர வசிப்பாளருக்கான சிவப்புக் கார்டோடு இருந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் சிலருக்குப் பிறப்புப் பத்திரச் சிக்கல் இன்றும் தொடர்கிறது. 2011 பிப்ரவரியில் நாடு முழுவதும் மைடஃப்தார் என்ற பதிவு இயக்கம் நடத்தும் தேவை வந்ததே அதற்குச் சாட்சி. சுங்கைப்பட்டாணியில் பிறந்து எஸ்பிஎம் தேறிய ஒரு பிள்ளை அரசுப் பணிப் படிவத்தின் முதல் கட்டத்திலேயே நின்றுவிடுவதற்குப் பாட்டியின் தோட்டம் அன்று தராத ஒரு கடிதம் காரணமாக இருக்கலாம். ஆகவே சரிபார்ப்பில் ஒருவரின் முன்பணி மட்டும் சோதிக்கப்படவில்லை. மூன்று தலைமுறையின் தாள் சோதிக்கப்படுகிறது.

6. பெயர் மாறிய முதலாளிகள்

இனி இன்றைய விண்ணப்பதாரருக்கு வருவோம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, முதலாளி தொழிலாளர் பதிவேடு வைக்க வேண்டும், பதிந்ததை 6 ஆண்டுக்குக் குறையாமல் பாதுகாக்க வேண்டும் என்கிறது. ஆறு ஆண்டுக்குப் பிறகு எரித்தாலும் குற்றமில்லை.

இதற்கிடையே முதலாளிகளும் ஆள் மாறினார்கள். 1981 செப்டம்பர் 7ஆம் நாள் காலையில் லண்டன் பங்குச் சந்தையில் கத்ரி கம்பெனி மலேசியர் கைக்கு வந்தது. ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்பீல்டு தோட்டங்கள் ஹாரிசன்ஸ் மலேசியன் பிளாண்டேஷன்ஸ் ஆகி, பிறகு கோல்டன் ஹோப் ஆயின. 2007இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் ஒன்றாயின. நாட்டுடைமைக் கண்ணோட்டத்தில் இவை பெருமைக்குரிய நிகழ்வுகள்தாம். ஆனால் இத்தகைய ஒரு தோட்டத்தில் 1978 முதல் 2008 வரை ஒரே நிரையில் பால் வெட்டிய ஒருவருக்கு, நிரை மாறாமல் முதலாளி மூன்று முறை மாறினார். சிறு தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டன; ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; செம்பனை போய்த் தாமான் எனும் வீடமைப்பு வந்தது. ஆபீஸ் இருந்த மேட்டில் இன்று சாலை வளைவு. பழைய முதலாளியின் தொலைபேசி எண் என்று படிவம் கேட்கும் கட்டத்தில் எதை எழுதுவது?

இளைய தலைமுறை தோட்டத்தில் வேலை செய்யவில்லையே, அவர்களுக்கு என்ன என்று கேட்கலாம். கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. சுங்கைப்பட்டாணி பக்கார் ஆராங் தொழிற்பேட்டை அதற்கும் மூத்தது. பாடாங் செராய், லூனாஸ், பீடோங் லயங்களிலிருந்து பிள்ளைகள் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். அவர்களில் பலரைச் சேர்த்துவிட்டவர் ஏஜென்ட். சட்டையில் ஒரு கம்பெனியின் பெயர், சம்பளச் சீட்டில் வேறொரு கம்பெனியின் பெயர், சீட்டே இல்லாத மாதமும் உண்டு. வேலைச் சட்டத்துக்கு 2012இல் வந்த திருத்தம்தான் தொழிலாளர் ஒப்பந்தக்காரரைப் பதிவுசெய்யச் சொன்னது. அதற்கு முந்திய ஆண்டுகளில் ஏஜென்ட் கடையை மூடிக்கொண்டு போனால் அவரிடம் வேலை செய்த காலமும் அவரோடு போனது. தோட்டத்தில் கொந்தராக்கு (ஒப்பந்த) ஆளாகப் பேரில்லாமல் வேலை செய்த தாயும், தொழிற்சாலையில் ஏஜென்ட் ஆளாக வேலை செய்த மகளும், தாளைப் பொறுத்தவரை ஒரே இடத்தில் நிற்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் அரசு மருத்துவமனை ஒன்றில் உதவியாளர் வேலைக்குத் தேர்வானார். முந்திய மூன்று வேலைகளில் இரண்டுக்கு அவரிடம் கடிதம் இல்லை. ஒரு முதலாளி கடிதம் தர மறுத்தார். சொல்லாமல் நின்றுவிட்டான் என்பது அவர் கோபம். வேலை செய்த மற்றொரு கடை இப்போது இல்லை. வேலையே செய்யவில்லை என்று எழுதிவிடு என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். இளைஞர் அப்படி எழுதியிருந்தால் அதுதான் பொய்யாகியிருக்கும். சேமநிதிக் கணக்கறிக்கையை அச்செடுத்துக் கொடுத்தார். ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்த அதிகாரிக்கு விவரம் தெரிந்திருந்தது. வேறொரு மேசையில் என்ன நடந்திருக்கும் என்பதை அந்த இளைஞர் இன்றும் யோசிக்கிறார்.

7. பதில் சொல்லும் வாய்ப்பு

சட்டத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. அரசமைப்பின் 135ஆம் பிரிவு, அரசு ஊழியர் ஒருவரை விளக்கம் கேட்காமல் பணிநீக்கம் செய்யவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. இந்தக் காப்பு உள்ளே வந்தவருக்கு மட்டுமே. வாசலில் நிற்பவருக்கு அதில் இடமில்லை. 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தனியார் நிறுவனத்திடம் ‘என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய்?’ என்று கேட்கலாம். அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு மத்திய, மாநில அரசுகளுக்கு அது பொருந்தாது என்கிறது. பக்கத்து மாநிலமான பினாங்கில் தகவல் சுதந்திரச் சட்டம் உண்டு. கெடாவில் அப்படி ஒன்று இல்லை. ஆகவே பழைய முதலாளி ஒருவர் மனக்கசப்பில் ஒரு வரி எழுதியிருந்தாலும் அதைப் பார்த்து மறுக்கும் வழி விண்ணப்பதாரருக்குக் குறைவு.

இந்திய உச்ச நீதிமன்றம் இதே சிக்கலை இரண்டு முறை நன்றாக அலசியிருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் ஓர் ஆசிரியரின் பழைய அரசியல் ஈடுபாட்டைக் காவல்துறை அறிக்கை சொன்னதற்காக அவரை நீக்கினார்கள். 1983இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி அதைக் கடுமையாக நிராகரித்தார். 2016இல் அவதார் சிங் வழக்கில், படிவத்தில் ஒரு செய்தியை மறைத்தவரை எப்படி நடத்துவது என்று நீதிமன்றம் வகைப்படுத்தியது: மறைத்த செய்தி அற்பமா, பாரதூரமா, தெரிந்து மறைத்தாரா, வேலையின் தன்மை என்ன என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும். கெடாவின் நிலைக்கு இதில் ஒரு படி கூட்ட வேண்டும் என்பது என் கருத்து. மறைத்தல் ஒன்று, காட்ட இயலாமை மற்றொன்று. இரண்டாவதைக் குறையாகவே எண்ணக் கூடாது.

பிரிட்டனின் அடிப்படை ஊழியர் பாதுகாப்புத் தரம் கடைசி 3 ஆண்டு வேலை வரலாற்றைத்தான் சரிபார்க்கச் சொல்கிறது. பதினெட்டு வயதில் பார்த்த கடை வேலைக்கு முப்பது வயதில் கடிதம் தேட வேண்டியதில்லை. இங்கேயும் கால எல்லை ஒன்றை வெளிப்படையாக வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை மதிக்கிறேன். தளர்த்தினால் பொய் அனுபவக் கடிதங்கள் பெருகும். காசுக்குக் கடிதம் எழுதித் தருபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் என்பது அந்த வாதம். உண்மைதான். ஆனால் கடிதத்தையே முதன்மைச் சான்றாக வைத்திருக்கும் முறைதான் அந்தச் சந்தையை வளர்க்கிறது. 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதியும் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பும் யார் எந்த மாதம் யாருக்காகச் சந்தா கட்டினார் என்று பதிந்து வைத்திருக்கின்றன. அந்தப் பதிவை முதலாளி பின்தேதியிட்டு எழுத முடியாது. விண்ணப்பதாரரின் ஒப்புதலோடு அரசு அலுவலகமே அதை நேரடியாக எடுத்துப் பார்த்தால் பொய்யும் குறையும், ஏழைப் பிள்ளையின் அலைச்சலும் குறையும். சேமநிதி கட்டப்படாத கொந்தராக்கு, ஏஜென்ட் காலத்துக்குச் சத்தியப் பிரமாணத்தை ஏற்கலாம். 1960ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. பொய்ச் சத்தியம் செய்தால் தண்டனையும் உண்டு.

8. நம் கையில் இருப்பவை

அரசு செய்ய வேண்டியதைச் சொன்னேன். நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. பிள்ளை ஐந்தாம் படிவம் முடிக்கும் முன்பே அதன் பிறப்புப் பத்திரத்தையும் பெற்றோர் கார்டையும் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் தேசியப் பதிவுத் துறைக்குப் போங்கள். நியமனக் கடிதம் வந்தபின் ஓடினால் நாள் போதாது. வேலையை விடும்போது சொல்லிவிட்டு, கடிதம் வாங்கிக்கொண்டு விடச் சொல்லுங்கள். மூன்று மாத வேலையானாலும் சேமநிதி கட்டப்பட்டதா என்று அந்த மூன்று மாதத்துக்குள்ளேயே பார்க்கச் சொல்லுங்கள்.

கெடாவில் இன்னும் இயங்கும் தோட்டங்களின் ஆபீஸ் அலமாரிகளில் பழைய செக்ரோல் புத்தகங்கள் இருக்கக்கூடும். கோயில் நிர்வாகத்தினரும் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களும் மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்: தூக்கிப்போடுவதற்கு முன் எங்களுக்குச் சொல்லுங்கள், படம் எடுத்துக்கொள்கிறோம். 2003ஆம் ஆண்டுத் தேசிய ஆவணக் காப்பகச் சட்டம் பொதுப் பதிவுகளைக் காப்பதற்காக வந்தது. தனியார் தோட்டத்தின் செக்ரோல் ஆறு ஆண்டு தாண்டிவிட்டால், அதை இன்னொரு நாள் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் வேலைச் சட்டத்தில் இல்லை.